தானியங்கி ஸ்லைடிங் கேட்: டெல்டா மண்ணில் நாமே பூட்டும் முறை

ரிமோட்டை அமுக்கினால் கேட் நகர்வது மோட்டாரின் வேலை. ஆனால் அந்த மோட்டார் எத்தனை வருடம் உழைக்கும் என்பது கேட்டின் கையிலும், அது ஓடும் தண்டவாளத்தின் கையிலும் இருக்கிறது. மோட்டாரைப் பூட்டி வயர் கொடுப்பது ஒரு நாளில் முடிந்துவிடும். குழி வெட்டி, தளம் போட்டு, மட்டம் பார்த்து, கேட்டை ஒற்றைக் கையால் தள்ளும் பதத்துக்குக் கொண்டுவர, கான்கிரீட் இறுகும் நாட்களையும் சேர்த்துப் பத்து நாள் ஆகும். இந்தப் பத்து நாளைச் சுருக்கியவர்கள்தான் பிறகு மோட்டார் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

கேட் ஏற்கெனவே இருக்கிறது என்றால் முதலில் ஒரு சோதனை. மீன்காரர் கையில் இருக்குமே கொக்கித் தராசு, அதைக் கேட்டின் சட்டத்தில் மாட்டி மெதுவாக இழுங்கள். 150 கிலோ கேட் 5, 6 கிலோ இழுப்பிலேயே நகர வேண்டும். 15 கிலோவைத் தாண்டினால் வீல், பேரிங், தண்டவாளம் மூன்றில் ஒன்று சரியில்லை. முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் முள் எகிறினால் அந்த இடத்தில் தண்டவாளம் வளைந்திருக்கிறது. தராசை விட்டதும் கேட் தானாக ஒரு பக்கம் உருண்டால் மட்டம் இல்லை. இதையெல்லாம் சரிசெய்யாமல் மோட்டார் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம்.

ஸ்லைடிங் கேட்டுக்கு உள்பக்கம் மதிலை ஒட்டி இடம் வேண்டும். 12 அடி வாசலுக்கு 13 அடி கேட், அது ஒதுங்கி நிற்க இன்னொரு 13 அடி. கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் வீட்டு முகப்பே 20 அடிதான் என்றால் ஸ்லைடிங் நடக்காது. அங்கே கீல் வைத்த இரட்டைக் கதவும், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தள்ளுகை மோட்டாரும்தான். கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும், தெருவை நோக்கி அல்ல. கீலுக்கு அடியில் தரைக்குள் புதைக்கும் மோட்டாரும் விற்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஐப்பசி அடைமழையில் ஊற்று மேலே வரும் ஊரில் அதை வாங்குவது பணத்தைக் குழியில் புதைப்பதுதான். இனி ஸ்லைடிங் கேட்டை மட்டும் பார்ப்போம்.

எடைக் கணக்கு

கேட்டின் எடையைப் பட்டறையில் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். நாமே போட்டுவிடலாம். 1 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 16 கேஜ் தகடு என்றால் 1.6 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 13 அடிக்கு 5 அடி கேட்டின் பரப்பு 6 சதுர மீட்டர். தகடு மட்டும் 75 கிலோ. 50க்கு 50 குழாய், 3 மி.மீ. கனம், மீட்டருக்கு 4.25 கிலோ, சட்டத்துக்கும் குறுக்குக் கம்பிகளுக்கும் 18 மீட்டர் பிடித்தால் இன்னொரு 76 கிலோ. வீல், ரேக் (மோட்டாரின் பல்சக்கரம் தள்ளுவதற்காகக் கேட்டில் பூட்டும் பல் பட்டை) எல்லாம் சேர்த்து 160 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். லேசரில் வெட்டிய கனத்த தகடோ வார்ப்பு வேலைப்பாடோ இருந்தால் இது 250ஐத் தொடும்.

மோட்டார் பெட்டியில் 600 கிலோ, 800 கிலோ என்று எழுதியிருப்பது சுத்தமான, மட்டமான தண்டவாளத்துக்கான கணக்கு. நம் ஊரில் சேறும் வைக்கோலும் சேர்ந்த தண்டவாளம்தான் வருடத்தில் பாதி நாள். ஆகவே கேட் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு திறனுள்ளதை எடுங்கள். 160 கிலோவுக்கு 600 போதும். 1500 கிலோ மோட்டாரைப் போட்டால் வீலில் குச்சி சிக்கினாலும் அது நிற்காமல் இழுத்துத் தண்டவாளத்தைப் பெயர்க்கும். நடுவில் நிற்பது குழந்தை என்றால் இன்னும் மோசம்.

முழுத் தகடு அடித்த கேட் பற்றி ஒரு எச்சரிக்கை. 100 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் தகட்டில் ஏறக்குறைய 47 கிலோ அளவுக்கு அழுத்தும். 6 சதுர மீட்டருக்கு 280 கிலோ. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இது எப்போதோ வரும் காற்று அல்ல. தகட்டில் இடைவெளி விடுங்கள். பட்டை பட்டையாக, இரண்டு விரல் சந்து விட்டு அடித்தால் தெருவும் அதிகம் தெரியாது, காற்றும் புகுந்து போகும், எடையும் குறையும்.

தண்டவாளமும் அதற்கடியில் இருக்கும் மண்ணும்

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் நிலத்தில் பெரிய தொல்லை இல்லை. திருவாரூர், நாகைப் பக்கத்துக் களிமண்தான் ஆளைப் பார்க்கும். மழையில் ஊறி உப்பும். சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த மண்மேல் நேரடியாக மூன்று அங்குலக் கான்கிரீட் போட்டு ஆங்கிளை ஒட்டினால், முதல் கோடையிலேயே நடுவில் தொய்யும். தண்டவாளம் 5 மி.மீ. இறங்கினால் ரேக்கும் 5 மி.மீ. இறங்கி, கேட்டின் மொத்த எடையும் மோட்டாரின் பல்சக்கரத்தில் உட்காரும். மோட்டார் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

26 அடி நீளத்துக்கு, ஒன்றரை அடி அகலத்தில், இரண்டு அடி ஆழம் வெட்டுங்கள். அடியில் ஒரு அடிக்கு எம்-சாண்ட் அல்லது கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, இரண்டு தவணையாகத் திமிசு போட்டு இடியுங்கள். களிமண் உப்பினாலும் சுருங்கினாலும் இந்த மெத்தை பாதியையாவது வாங்கிக்கொள்ளும். அதன்மேல் ஒரு அடி அகலம், 9 அங்குல உயரத்தில் கான்கிரீட் பீம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று 10 மி.மீ. முறுக்குக் கம்பி நான்கு ஓட வேண்டும். 8 அங்குலத்துக்கு ஒரு ரிங். 10 மி.மீ. கம்பி 20 கிலோ, ரிங்குக்கு 8 மி.மீ. கம்பி 14 கிலோ ஆகும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை: சிமென்ட் நாலரை மூட்டை, எம்-சாண்ட் எட்டரை கன அடி, 20 மி.மீ. ஜல்லி 17 கன அடி. பலகை அடித்து ஊற்றுங்கள். மண்ணையே பக்கச் சுவராக நம்பினால் சிமென்ட் பால் மண்ணுக்குள் போய்விடும்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் செய்ய மறப்பது ஒன்று உண்டு. வாசலில் ஆள் நின்றால் கேட் மூடாமல் தடுக்கும் சென்சார் எதிர்த் தூணில் வரும். அதற்கு வயர் போக, பீமுக்கு அடியில் வாசலைக் குறுக்கே கடந்து ஒரு 25 மி.மீ. பிவிசி குழாய் இப்போதே போட வேண்டும். மறந்துவிட்டால் பிறகு கான்கிரீட்டை உடைக்க வேண்டும், அல்லது வயரை மதிலைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும்.

தண்டவாளத்துக்கு மூன்று வழி உண்டு. தரைக்குள் பதிக்கும் பள்ளச் சேனல் ஒன்று. அதில் சேறு, கல், நெல், கோழி எச்சம் எல்லாம் தங்கும். டெல்டாவில் அது வேண்டவே வேண்டாம். 40க்கு 40 ஆங்கிளை, 5 மி.மீ. கனத்தில், முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பதிப்பது இரண்டாவது. வி-பள்ளம் உள்ள வீல் அதன்மேல் ஓடும், குப்பை இரு பக்கமும் சரிந்துவிடும். 20 மி.மீ. உருட்டுக் கம்பியும் அதற்கேற்ற யு-பள்ள வீலும் மூன்றாவது. பின்னது இரண்டும் நல்லவையே. வீலும் தண்டவாளமும் ஒரே ஜோடியாக இருக்கட்டும். உருட்டுக் கம்பியில் வி-வீலை ஓட்டினால் இரண்டு கோட்டில் மட்டும் தொட்டு ஒரு வருடத்தில் பள்ளம் விழும்.

ஆங்கிளுக்கு அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு கம்பித் துண்டைப் பற்றவைத்து, பீமின் மேல் கம்பியோடு கட்டிவிட்டு, அதன்பின் மட்டம் பாருங்கள். 26 அடிக்கு ரசமட்டம் போதாது. கொத்தனாரின் டியூப் லெவல்தான் சரி: கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தொடக்கத்தில் நிலையாகப் பிடித்து, மறு முனையை நான்கு அடிக்கு ஒருமுறை தண்டவாளத்தின் மேல் வைத்துக் குறியுங்கள். வெயிலில் குழாய் சூடாகும். ஒரு பாதி நிழலிலும் ஒரு பாதி வெயிலிலும் கிடந்தால் அளவு பிசகும். காலை ஏழு மணிக்குள் பார்த்துவிடுங்கள். கோடி முதல் கோடி வரை வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நேர்க்கோட்டுக்கு நூல் கட்டுங்கள். ஊற்றிய பிறகு ஏழு நாளாவது சாக்கு போட்டுத் தண்ணீர் விடுங்கள். அதற்குமுன் கேட்டை ஏற்ற வேண்டாம்.

வீல் 4 அங்குலம், பேரிங் வைத்தது, இரண்டு போதும். கேட்டின் இரு முனையிலிருந்தும் ஒன்றரை அடி உள்ளே. மேலே கேட் சாயாமல் இருக்கத் தூணில் நைலான் உருளைகள் இரண்டு ஜோடி, பக்கத்துக்கு 2, 3 மி.மீ. சந்து விட்டு. இறுக்கிப் பிடித்தால் வெயிலில் கேட் விரிந்து சிக்கும்.

இரண்டு முனையிலும் தண்டவாளத்தோடு பற்றவைத்த தடுப்புக் கட்டை இல்லாமல் ஒரு நாள்கூட கேட்டை ஓட விடக்கூடாது. கேட் முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் இருக்கிறதே என்று இதை விட்டுவிடுவார்கள். சுவிட்ச் பழுதான அன்று கேட் உருளையைத் தாண்டி வெளியே வந்து சாயும். 160 கிலோ கேட் ஆள்மேல் விழுந்தால் பிழைப்பது அரிது. பிள்ளைகள் கேட்டில் தொற்றிச் சவாரி போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

மோட்டார் பீடம்

கேட் ஒதுங்கும் பக்கத் தூணை ஒட்டி, மதிலுக்கு உள்ளே மோட்டார் வரும். ஒன்றரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேமுக்கால் அடி ஆழத்தில் குழி. பீடம் தரைக்கு மேல் அரை அடி எழும்ப வேண்டும். உங்கள் வாசலில் மழைத் தண்ணீர் ஒரு அடி நிற்கும் என்றால் ஒன்றேகால் அடி எழுப்புங்கள். அரை அடி எழுப்பிய பீடத்துக்கு ஒரு மூட்டை சிமென்ட் கலவை சரியாக இருக்கும்.

பீடம் உயர்ந்தால் பல்சக்கரமும் உயரும். கேட்டின் அடிச் சட்டத்தில் ரேக் பூட்டலாம் என்று நினைத்திருந்தால் உயரம் எட்டாது. மோட்டாரைப் பீடத்தின் மேல் வைத்து, பல்சக்கரத்தின் மேல்முனை எந்த உயரத்தில் வருகிறது என்று கேட்டில் குறித்து, அந்த உயரத்தில் ஒரு குறுக்குக் குழாயைக் கேட் நீளத்துக்கும் பற்றவையுங்கள். வர்ணம் அடிக்கும் முன் செய்துவிட்டால் வேலை சுத்தம்.

மோட்டாரோடு வரும் அடித்தகட்டை நேரடியாகக் கான்கிரீட்டில் பதிக்காதீர்கள். நான்கு ஜே-போல்ட் பதித்து, ஒவ்வொன்றிலும் தகட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. கீழ் நட்டைத் திருகினால் மோட்டார் மி.மீ. கணக்கில் ஏறும், இறங்கும். ரேக் வேலைக்கும் இது வேண்டும். மூன்று வருடம் கழித்து மண் இறங்கும்போதும் இது வேண்டும். கீழ் நட்டு இல்லாத பீடத்தில் வாஷரைச் சொருகித்தான் காலம் தள்ள வேண்டும்.

இரண்டு கன்ட்யூட் குழாய் பீடத்தின் நடுவில் மேலே வர வேண்டும்: ஒன்று 230 வோல்ட்டுக்கு, மற்றது சென்சார், சுவிட்ச் வயர்களுக்கு. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் சென்சார் வயரில் தேவையற்ற மின்சாரம் தூண்டப்பட்டு, யாரும் அமுக்காமலே கேட் திறக்கும். பேய் என்பார்கள்.

ரேக் பூட்டுதல்

பெரும்பாலும் வருவது மாட்யூல் 4 ரேக், ஒரு மீட்டர் துண்டுகள். 13 அடிக் கேட்டுக்கு நான்கு துண்டு. ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 12.57 மி.மீ. இடைவெளி. நைலானா இரும்பா என்றால், 300 கிலோவுக்குள் இருக்கும் வீட்டுக் கேட்டுக்கு நைலான் போதும்; சத்தம் குறைவு, உப்புக் காற்றில் துருவும் இல்லை. அதன் திருகு ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும், ஆகவே பிறகும் ஏற்றி இறக்கலாம்.

முதலில் கீழ் நட்டுகளைத் திருகி மோட்டாரை 2 மி.மீ. உயர்த்துங்கள். மோட்டாரின் பக்கவாட்டில் கைச்சாவி போட்டு, கேட்டைக் கையால் தள்ளும்படி மோட்டாரைத் தளர்த்தி, கேட்டை முழுக்கத் திறந்த நிலையில் வைத்து, முதல் துண்டைப் பல்சக்கரத்தின் மேல் படுக்கவைத்து, மட்டம் பார்த்துத் திருகுங்கள். கேட்டை நகர்த்தி, துண்டின் மறு முனை பல்சக்கரத்துக்கு வந்ததும் அதையும் திருகுங்கள்.

இரண்டாவது துண்டைச் சேர்க்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். இரண்டின் முனைகளையும் ஒட்ட வைத்துத் திருகிவிடுவார்கள். முனை வெட்டு ஒரு மி.மீ. பிசகியிருந்தாலும் இணைப்பில் பல் இடைவெளி மாறி, ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ‘டக்’ என்று அடிக்கும். ஒரு கைநீளத் துண்டு ரேக்கைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கவிழ்த்து, பல்லோடு பல் கோத்து, இணைப்பின் அடியில் இரண்டு துண்டுக்கும் பாலமாகக் கொடுத்து, சி-கிளாம்ப்பில் இறுக்குங்கள். இப்போது இரண்டாம் துண்டு தானாகச் சரியான இடைவெளிக்கு நகர்ந்து நிற்கும். நடுவில் நூல் சந்து தெரிந்தாலும் பரவாயில்லை. திருகிவிட்டுக் கிளாம்ப்பை எடுங்கள். நான்கு துண்டுக்கும் இப்படியே.

எல்லாம் முடிந்ததும் மோட்டாரை 2 மி.மீ. கீழே இறக்குங்கள். ரேக்குக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே இப்போது ஒன்றரை முதல் 2 மி.மீ. சந்து கிடைத்திருக்கும். கேட்டை முழு ஓட்டம் கையால் தள்ளி, ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சந்தில் ஒரு பழைய ஹேக்சா பிளேடை நுழைத்துப் பாருங்கள். பிளேடு நுழையாத இடத்தில் ரேக்கை உயர்த்துங்கள்.

இரும்பு ரேக் என்றால் பிடிப்புகளைப் பற்றவைக்க வேண்டியிருக்கும். அப்போது மோட்டார் போர்டின் எல்லா வயரையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். துண்டோடு துண்டை ஒருபோதும் பற்றவைக்க வேண்டாம்.

மின்சாரம்

230 வோல்ட் இணைப்பை உரிமம் பெற்ற வயர்மேன் கொடுக்கட்டும். மழையில் நனையும் இரும்புக் கேட் இது. வீட்டு மெயின் போர்டிலிருந்து தனி வழி: 6 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் விழும் சுவிட்ச்), 1.5 சதுர மி.மீ. செம்பு மூன்று வயர். எர்த் வயர் மோட்டார் உடலில் முடிய வேண்டும். தோட்டத்து லைட்டிலிருந்து தட்டி எடுக்காதீர்கள். வயல் ஓரத்து வீடு என்றால் அறுவடைக்குப் பின் எலி வரப்பை விட்டு வீட்டுப் பக்கம் வரும். குழாய்க்கு வெளியே ஒரு சாண் வயர்கூடத் தெரியக்கூடாது.

ஏசி மோட்டாரா, 24 வோல்ட் டிசி மோட்டாரா? நம் பக்கத்துக்கு டிசிதான் என் சிபாரிசு. ஏசி மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 180ஆக இறங்கினால் விசை அறுபது சதவீதம்தான் மிஞ்சும். பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் கேட் பாதியில் நிற்பதற்கு இதுதான் காரணம். ஏற்கெனவே ஏசி வாங்கிவிட்டால் ஸ்டெபிலைசர் வையுங்கள். டிசி மோட்டாருக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் கரண்ட் போனாலும் ஓடும்.

எவ்வளவு நேரம்? கேட் ஒருமுறை ஓட 20 விநாடி, 6 ஆம்பியர் என்றால் 0.033 ஆம்பியர்-மணிதான். ஆனால் போர்டும் சென்சாரும் சும்மா இருக்கும்போதே 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 போய்விடும். கேட்டைத் தொடாவிட்டாலும் மூன்றாம் நாள் பேட்டரி காலி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது உதவுவது மோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் கைச்சாவிதான். அந்தச் சாவி மதிலுக்கு உள்ளே இருக்கும் மோட்டாருக்குப் போட வேண்டியது. நீங்கள் வெளியே நின்றால்? அதனால் பக்கத்தில் ஆள் நுழையும் சின்ன கேட் ஒன்று கட்டாயம் வேண்டும். கோயில் பெருங்கதவில் திட்டிவாசல் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. பெரிய கேட்டிலேயே சின்னக் கதவை வெட்டுவது மட்டும் வேண்டாம்; அது திறந்திருக்கும்போது மோட்டார் ஓடினால் தூணில் மோதும்.

முதல் ஓட்டம்

மூடியைத் திறந்து வைத்து, கேட்டை நடுவில் நிறுத்தி, சாவியைப் பூட்டி, பிறகு கரண்ட் கொடுங்கள். ரிமோட்டை ஒருமுறை அமுக்கினால் முதல் ஓட்டம் திறக்கும் பக்கம் இருக்க வேண்டும். மூடும் பக்கம் போனால் உடனே நிறுத்தி, மோட்டாரின் இரண்டு வயரை மாற்றுங்கள். அதோடு லிமிட் சுவிட்ச் வயர் இரண்டையும் மாற்ற வேண்டும். மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு லிமிட்டை மறந்தால், கேட் முனைக்கு வந்தும் நிற்காமல் தடுப்புக் கட்டையில் இடித்துக்கொண்டே நிற்கும். நடுவில் நிறுத்திச் சோதிப்பது இதற்காகத்தான்: கை ரிமோட்டுக்குப் போக நேரம் கிடைக்கும்.

லிமிட்டுக்கு ரேக்கின் இரு முனையிலும் காந்தமோ ஸ்பிரிங்கைத் தட்டும் தகடோ வரும். கட்டைக்கு 2, 3 செ.மீ. முன்பே கேட் நிற்கும்படி வையுங்கள். சுவிட்ச் விழுந்த பிறகும் கேட் கொஞ்சம் வழுக்கிப் போகும்.

விசை அளவை மிகக் குறைவில் தொடங்கி, கேட் தடையின்றி ஓடும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். ஓடும் கேட்டின் முன் பழைய டயரை வைத்துப் பாருங்கள்: தொட்டதும் நின்று பின்வாங்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலை 12453, அரை மீட்டருக்குக் குறைவான சந்தில் நசுக்கும் விசைக்கு விதிக்கும் உச்சம் 400 நியூட்டன், கிட்டத்தட்ட 40 கிலோ. உள்ளங்கையால் நிறுத்த முடியாத கேட் வீட்டுக்கு வேண்டாம்.

சென்சார் ஜோடி தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், நேர் எதிராக. அனுப்பும் பக்கத்துக்கு இரண்டு வயர். வாங்கும் பக்கத்துக்கு நான்கு. வாங்கும் கண்ணில் நேர் வெயில் படக்கூடாது. எந்தத் தூணில் வைத்தால் காலை, மாலை வெயில் அதன் முதுகில் படும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தவழும் குழந்தையோ ஆடோ கோழியோ உள்ள வீட்டில் 20 செ.மீ. உயரத்தில் இன்னொரு ஜோடியும் வையுங்கள். போர்டில் சென்சார் முனைகளை இணைத்து ஒரு குட்டை வயர் கம்பெனியிலிருந்தே வரும். சென்சார் மாட்டியதும் அதை எடுக்காவிட்டால் சென்சார் இருந்தும் இல்லாததுதான். சென்சாரே மாட்டாமல் அந்த வயரை எடுத்துவிட்டால் கேட் திறக்கும், மூடாது.

தானாக மூடும் நேரம் என்று ஒரு வசதி உண்டு. வாசலில் கோலம் போடுபவர், பால்காரர், ஓடி விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை அணைத்தே வையுங்கள். ரிமோட் வாங்கும்போது ஒவ்வொரு அமுக்கலுக்கும் குறியீடு மாறும் வகையா என்று கேளுங்கள். நிலையான குறியீட்டு ரிமோட்டைக் கடைத்தெருவில் நகல் எடுத்துவிடலாம்.

தகராறு வந்தால்

திறக்கிறது, மூடவில்லை: பத்துக்கு எட்டு முறை சென்சார்தான். சிலந்தி வலை, சேறு, கண்ணாடிக்குள் எறும்பு. துடைத்துப் பாருங்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கேட் நகரவில்லை: கைச்சாவி திறந்தே இருக்கிறது. உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் ஏசி மோட்டாரில் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது கேட் எங்கோ சிக்கியிருக்கும். சாவியைத் தளர்த்திக் கையால் தள்ளினால் எது என்று தெரிந்துவிடும்.

கோடையில் மட்டும் கடகட சத்தம்: மண் சுருங்கித் தண்டவாளமோ பீடமோ இறங்கியிருக்கிறது. பிளேடை நுழைத்துச் சந்து பாருங்கள். கீழ் நட்டு இருக்கிறதல்லவா.

மழை பெய்தால் ஆர்சிசிபி விழுகிறது: கன்ட்யூட் இணைப்பில் தண்ணீர். ஆர்சிசிபியை நீக்கிவிட்டு ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது.

ரிமோட் பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறது: பேட்டரி புதிது என்றால் போர்டின் ஆன்டெனா வயரைப் பாருங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு அது 17 செ.மீ. நீளத்தில், சுருட்டாமல் நேராக நிற்க வேண்டும். வயரிங் செய்தவர் அழகுக்காக வெட்டியிருப்பார்.

போர்டு எரிந்துபோனது என்றால் மின்னல் ஒரு காரணம், பல்லி இன்னொன்று. வெதுவெதுப்புக்காக உள்ளே நுழையும் பல்லி இரண்டு முனையைத் தொட்டுத் தானும் செத்துப் போர்டையும் கெடுக்கும். உள்ளே அந்துருண்டை போடுவார்கள். அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். குழாய் வாயையும் வயர் நுழையும் ஓட்டைகளையும் சிலிக்கோனால் அடைப்பதே சரி. இடி இடிக்கும் நேரத்தில் அணைக்க வீட்டுக்குள் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வையுங்கள்.

ரேக்கில் கிரீஸ் பூசாதீர்கள். கிரீஸில் தூசியும் உமியும் ஒட்டி அரைப்புக் கல்லாகிவிடும். கிரீஸ் வீல் பேரிங்குக்கு மட்டும், புரட்டாசியில் ஒருமுறை, தையில் சம்பா அறுவடை முடிந்ததும் ஒருமுறை. வீலில் சுற்றிய வைக்கோலை அப்போதே கத்தியால் அறுத்து எடுத்துவிடலாம். பேட்டரி மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே எழுதிவையுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் அதை நம்ப முடியாது.